நரையும் திரையும் ஓர் ஊசியும்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை வேளைகளில் அமர்ந்திருக்கும்போதெல்லாம் தமிழின் ஒரு சொல் நம் நினைவுக்கு வரும். திரை. கடலில் எழும் அலைக்கும் அதுவே பெயர். முதியவர் தோலில் விழும் சுருக்கத்துக்கும் அதுவே பெயர். 'நரை திரை மூப்பு' என்று அடுக்கிச் சொல்லிப் பழகிவிட்டோம். ஆண்டுகள் பலவாகியும் தமக்கு நரை தோன்றாததற்குப் பிசிராந்தையார் காரணம் சொன்ன புறநானூற்றுப் பாடலை அறியாத இலக்கிய அன்பர் இருக்க முடியாது. மனநிறைவே அவருக்கு மருந்தாக இருந்தது. அந்த மருந்து வாய்க்காதவர்கள் அன்று காயகற்பத்தைத் தேடினார்கள். இன்று ஊசியைத் தேடுகிறார்கள்.

அந்த ஊசியைப் பற்றி எழுத நேரும் என்று நாங்கள் நினைத்ததில்லை. எங்கள் வாசிப்பு வட்டத்து அம்மையார் ஒருவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியை, ஒருநாள் கூட்டம் முடிந்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "மூக்கோரத்துக் கோட்டை ஊசி போட்டு நிரப்புறாங்களாமே, அது ஆபத்தில்லாததா? உங்கள்ல யாராவது படிச்சுப் பார்த்துச் சொல்லுங்களேன்." நாங்கள் சிரித்துவிட்டோம். "இந்த வயசிலயா டீச்சர்?" என்று ஒருவர் கேட்டேவிட்டார். அம்மையார் சினக்கவில்லை. நீண்ட நோய்க்குப் பின் உடல் தேறிவிட்டது, முகம் மட்டும் தேறவில்லை, கடைத்தெருவில் காண்பவர் எல்லாம் "உடம்பு இன்னும் சரியாகலையா டீச்சர்?" என்றே தொடங்குகிறார்கள், நலமாக இருக்கிறேன் என்று ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்குச் சொல்லி அலுத்துவிட்டது என்றார். அன்று நாங்கள் சிரித்ததற்கு வெட்கப்பட்டோம். இக்கட்டுரை அந்த வெட்கத்தில் பிறந்தது.

முகத்தைச் செப்பனிடும் கலையை மேலைநாட்டுப் புதுமை என்று கருதுவோர் பலர். அதன் பழைய சாட்சிகளுள் ஒருவர் புதுச்சேரியோடு நெருங்கிய உறவு கொண்டிருந்தார் என்பது வியப்பான செய்தி. நிக்கோலாவோ மனுச்சி என்ற அந்த வெனிஸ் நகரத்தார் முகலாயர் அவையில் பணியாற்றியவர். மருத்துவம் பார்த்துப் பிழைத்தவர். பின்னாளில் சென்னையிலும் புதுச்சேரியிலும் வாழ்ந்தவர். புதுச்சேரியை நிறுவிய பிரான்சுவா மர்த்தேனுக்கு வேண்டியவர். மனுச்சி எழுதிய முகலாயர் வரலாற்றின் கைப்படியை 1701ஆம் ஆண்டில் பாரிசுக்குக் கொண்டு சென்றவர் மர்த்தேனின் மருமகனான புரோ-தெலாந்த்.

ஔரங்கசீப்பின் படை பீஜப்பூரை முற்றுகையிட்ட 1686ஆம் ஆண்டுக் காலத்தைப் பற்றி மனுச்சி எழுதும் ஒரு பகுதி நமக்கு முக்கியமானது. புல்லும் தழையும் சேர்க்கப் போன முகலாயப் பாளையத்து எளியவர்களைப் பிடித்த பீஜப்பூர் வீரர்கள், உயிரை விட்டுவிட்டு மூக்கை மட்டும் அறுத்து அனுப்பினார்கள். உள்நாட்டு வைத்தியர்கள், புருவத்துக்கு மேலுள்ள நெற்றித் தோலை ஒரு முனை விடாமல் அறுத்து, திருகிக் கீழே இறக்கி, மூக்கிருந்த இடத்தில் பொருத்தினார்கள். மூச்சுக்கு வழி விட்டு அடியில் முட்டுக் கொடுத்தார்கள். தோலைத் திருகிய இடத்தில், புருவமத்தியில், சிறு குழி ஒன்று எஞ்சியது. இப்படி மூக்குப் பெற்ற பலரைத் தாம் நேரில் கண்டதாக மனுச்சி சொல்கிறார்.

ஒரு நூற்றாண்டு கழித்து, 1794ஆம் ஆண்டு அக்டோபரில், புனேயில் கோவாஸ்ஜி என்ற வண்டிக்காரருக்கு இதே முறையில் மூக்கு அமைத்த செய்தி இலண்டனின் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதழில் படத்தோடு வெளிவந்தது. அதனால் தூண்டப்பட்ட ஜோசப் கார்ப்யூ 1814இல் இலண்டனில் அதைச் செய்து காட்டினார். ஒட்டறுவைக் கலை இந்தியாவிலிருந்து கப்பலேறிய கதை இதுதான். புருவமத்தி என்ற இடத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். மீண்டும் அங்கே வருவோம்.

புதுச்சேரியில் மேலை மருத்துவக் கல்வி 1823இல் பிரெஞ்சு அரசு தொடங்கிய மருத்துவப் பள்ளியோடு வேரூன்றியது. அதன் வழிவந்ததே 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகி, 1964இல் ஜிப்மர் என்று பெயர் பெற்ற கோரிமேட்டு நிறுவனம். ஆனால் முகத்தின் மடிப்பு மருத்துவத்தின் கவலையானது அழகுக்காக அன்று. தொழுநோய்க்காக.

தொழுநோயின் ஒரு வகையில் கிருமிகள் முகத்தோலுக்குள் பெருகித் தோலைத் தடிக்கச் செய்யும். சிங்கமுகம் என்று மருத்துவர்கள் அதைக் குறிப்பார்கள். 1940களின் பிற்பகுதியில் டாப்சோன் மருந்து புழக்கத்துக்கு வந்ததும் நோய் தணிந்தது, தடிப்பு வடிந்தது. வடிந்த பின் ஒரு புதுத் துயரம் தொடங்கியது. நெகிழ்வு தரும் இழைகள் அழிந்துபோன தோல், காற்றிழந்த பை போலத் தொய்ந்து மடிந்தது. முப்பது வயதுக்காரர் அறுபது வயதுக்காரராகத் தெரிந்தார். மூக்குத் தண்டு அமிழ்ந்தது, புருவம் உதிர்ந்தது. கிருமி போய்விட்டது என்று மருத்துவர் சான்றளித்தாலும் ஊர் முகத்தைப் பார்த்தே தீர்ப்பளித்தது.

புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட பொலம்பாக்கத்தில் 1955இல் தொடங்கிய மையத்திலிருந்து பெல்ஜிய மருத்துவர் ஹெமரிக்ஸும் குழுவினரும் மரத்தடிகளில் மருந்து கொடுத்த காலம் அது. வேலூரில் பால் பிராண்டும் மும்பையில் என்.எச். அன்டியாவும் நோயாளிகளின் கைகளோடு முகங்களையும் சீர்செய்தார்கள். அமிழ்ந்த மூக்கை நிமிர்த்தினார்கள். தலைமுடித் தோலைக் கொண்டு புருவம் அமைத்தார்கள். தொய்ந்த மிகைத்தோலை வெட்டியெடுத்து இழுத்துத் தைத்தார்கள். பணக்காரச் சீமாட்டிகளின் ஆடம்பரம் என்று பெயர் வாங்கிய முகச் சுருக்க அறுவை, இங்கே பேருந்தில் ஏறவும் பெண் கொடுக்கவும் கூலிவேலை கேட்கவும் ஒருவருக்குத் தேவைப்பட்டது.

அதே கதை எச்.ஐ.வி. காலத்திலும் நடந்தது. 2004இல் இந்திய அரசு இலவசக் கூட்டு மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது வழங்கிய மருந்துகளுள் ஸ்டாவுடின் ஒன்று. உயிரைக் காத்த அம்மருந்து கன்னத்துக் கொழுப்பைக் கரைத்தது. கன்னம் ஒட்டி, மூக்கோரக் கோடு ஆழ்ந்து, நோயை மறைத்து வாழ்ந்தவரை முகமே காட்டிக்கொடுத்தது. பின்னர் அம்மருந்து கைவிடப்பட்டதற்கு இந்தப் பக்கவிளைவும் ஒரு காரணம். ஆகவே மடிப்பை நிரப்ப விரும்புபவரைக் கண்டு சிரிப்பதற்குமுன் ஒரு கணம் தயங்குவது நல்லது.

இனி, நிரப்பும் பொருளின் வரலாறு. 1893இல் ஜெர்மானியரான நாய்பர், வடுவால் குழிந்த முகத்தை அதே ஆளின் கையிலிருந்து எடுத்த கொழுப்புத் துண்டுகளால் நிரப்பினார். 1899இல் வியன்னாவின் கெர்சூனி பாரஃபினை உடலுக்குள் செலுத்தத் தொடங்கினார். மெழுகை உருக்கி ஏற்றினால் மடிப்பு மறைகிறது என்ற செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. சில ஆண்டுகளில் மெழுகு இடம்பெயர்ந்தது. சுற்றிலும் கட்டி கட்டியாகத் தசை இறுகியது. அழகியெனப் புகழ்பெற்ற கிளாடிஸ் டீக்கன், 1903ஆம் ஆண்டளவில் மூக்குத் தண்டைச் செம்மைப்படுத்த மெழுகேற்றிக்கொண்டார். அது முகவாய் வரை இறங்கியது. பின்னாளில் மார்ல்பரோ கோமகளான அவர் 1977 வரை வாழ்ந்தார். ஏற்றியதை எடுக்க வழியில்லை. அதே 1903இல், மூக்கில் பாரஃபின் ஏற்றிக்கொண்ட ஒருவர் பார்வை இழந்ததை அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்தது. அடுத்து வந்த திரவ சிலிக்கோனும் கட்டிகளையே தந்தது. சுருக்கங்களை நிரப்ப அதற்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒருபோதும் ஒப்புதல் வழங்கவில்லை.

ஒப்புதல் பெற்ற முதல் நிரப்பி 1981இல் வந்த கொலாஜன். மாட்டுத்தோலிலிருந்து எடுத்த புரதம் அது. நூற்றில் மூவருக்கு ஒவ்வாமை உண்டாக்கியதால் முன்கையில் சிறிது குத்தி, சில வாரம் காத்திருந்து, பிறகே முகத்தில் இட வேண்டியிருந்தது. பலனும் சில மாதங்களே நின்றது.

ஹையலூரானிக் அமிலத்தின் கதை இதற்கெல்லாம் புறத்தே, கண்ணிலிருந்து தொடங்குகிறது. 1934இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டுக் கண்ணின் உள்ளே நிறைந்திருக்கும் கூழ்மத்திலிருந்து புதிய சர்க்கரைச் சங்கிலி ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். கண்ணாடி போன்றது என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வந்தது. நம் ஒவ்வொருவர் உடலிலும் ஏறத்தாழ 15 கிராம் அளவு அது இருக்கிறது. மூட்டுகளில் வழுவழுப்பாகவும் தோலில் நீரைப் பிடித்துவைக்கும் பஞ்சாகவும் பணி செய்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கை உடல் நாள்தோறும் அழித்துப் புதிதாக ஆக்குகிறது.

ஹங்கேரியரான எந்த்ரே பாலாஷ் சேவற்கொண்டையிலிருந்து அதைத் தூய்மையாகப் பிரிக்கும் வழி கண்டார். 1980 வாக்கில் அது கண்புரை அறுவையில் விழியின் மென்படலங்களைக் காக்கும் கூழாகப் புழக்கத்துக்கு வந்தது. கண்புரை என்றதும் புதுச்சேரிக்காரர்களுக்கு 2003இல் தவளக்குப்பத்தில் திறந்த அரவிந்த் கண் மருத்துவமனை நினைவுக்கு வரும். அதே 2003ஆம் ஆண்டின் டிசம்பரில்தான், முகமடிப்புகளை நிரப்பும் முதல் ஹையலூரானிக் அமிலக் கூழான ரெஸ்டிலேனுக்கு அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. ஐரோப்பாவில் அது 1996 முதலே இருந்தது.

இந்தக் கூழ் சேவலிலிருந்து வருவதன்று. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற நுண்ணுயிர் தன்னைச் சுற்றி இதே அமிலத்தைப் போர்வையாக நெய்துகொள்கிறது என்பது 1937இலேயே தெரிந்திருந்தது. அதைத் தொட்டியில் வளர்த்து எடுக்கிறார்கள். எல்லா உயிர்களிலும் இதன் கட்டமைப்பு ஒன்றே ஆகையால் தோல் சோதனை தேவைப்படவில்லை. ஆனால் இயல்பான அமிலத்தைச் செலுத்தினால் ஓரிரு நாளில் உடல் கரைத்துவிடும். எனவே சங்கிலிக்கும் சங்கிலிக்கும் இடையே பி.டி.டி.இ. என்ற வேதிப்பொருளால் குறுக்குக் கண்ணி பூட்டி வலையாக்குகிறார்கள். மெத்தைக்குப் பஞ்சு திணிப்பது போல இக்கூழ் மடிப்பின் அடியில் இடம்பிடித்து, நீரை ஈர்த்து, தோலை மேலே தூக்கி நிறுத்துகிறது.

பலன் உண்டா? 2003இல் வெளியான ஆய்வில் 138 பேருக்கு ஒரு பக்கத்து மூக்கோர மடிப்பில் ஹையலூரானிக் கூழும் மறுபக்கம் மாட்டுக் கொலாஜனும் இட்டார்கள். எப்பக்கம் எது என்பது மதிப்பிட்டவருக்கும் தெரியாது. ஆறு மாதம் கழித்து நூற்றுக்கு 56.9 பேரிடம் ஹையலூரானிக் பக்கமே மேலாக இருந்தது. கொலாஜன் பக்கம் மேலாக இருந்தது 9.5 பேரிடம் மட்டுமே. பின்வந்த கூழ்கள் ஓராண்டு அளவும் அதற்குச் சற்று மேலும் நிற்கின்றன. வயதை அது நிறுத்துவதில்லை, தொய்வை இழுப்பதுமில்லை. ஒரு பள்ளத்தைச் சில காலம் மேடாக்குகிறது, அவ்வளவே. தொடக்க ஆய்வுகளில் வெள்ளைத் தோலினரே மிகுதி. பின்னர்க் கருநிறத் தோலுடைய 150 பேரிடம் தனியே ஆய்ந்தபோது, ஊசி பட்ட இடத்தில் சிலருக்குக் கருமை படிந்தது தெரியவந்தது. நம் போன்ற மாநிறத்தாரும் கருநிறத்தாரும் இதைக் கேட்டறிந்துகொள்வது நலம்.

ஆபத்து உண்டா? வீக்கம், கன்றிய நீலம், வலி ஆகியவை பெரும்பாலோர்க்கு வந்து சில நாட்களில் போகும். அரிதாகக் கட்டிகள் தோன்றும்; சில சமயம் மாதங்கள் கழித்தும் தோன்றும். உண்மையான அச்சம் வேறு. மூக்கோர மடிப்பை ஒட்டியே முகத் தமனி ஏறுகிறது. ஊசிமுனை தவறி அதற்குள் நுழைந்தால் கூழ் குருதிக்குழாயை அடைக்கும். அது ஊட்டும் தோல் வெளுத்து, வலித்து, கருகும். அழுத்தம் மிகுந்தால் கூழ் எதிர்த்திசையில் ஓடி விழித்திரையின் தமனியை எட்டும். கண் பார்வை போகும்.

மருத்துவ ஏடுகளில் 2015 தொடக்கம் வரை பதிவான இத்தகைய 98 நேர்வுகளை ஓர் ஆய்வுக்குழு தொகுத்தது. ஊசி இட்ட இடங்களில் முதலிடம் நூற்றுக்கு 38.8 பங்குடன் புருவமத்திக்கு. அடுத்தது மூக்கு, 25.5. மூன்றாவது மூக்கோர மடிப்பு, 13.3. அவற்றுள் ஏறத்தாழப் பாதிக்குக் காரணம் அவரவர் கொழுப்பையே எடுத்து ஏற்றியது. ஹையலூரானிக் அமிலம் கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. அதன் பின் 2018 செப்டம்பர் வரை மேலும் 48 நேர்வுகள் சேர்ந்தன. அவற்றில் பத்துக்கு எட்டு ஹையலூரானிக் அமிலத்தால் நேர்ந்தவை. அதற்குள் அதுவே எங்கும் பரவிவிட்டது. உலகெங்கும் போடப்படும் ஊசிகளோடு ஒப்பிட்டால் இவை மிகமிகச் சில. இழந்தவருக்கு அந்தக் கணக்கு ஆறுதல் தராது.

புருவமத்திக்குத் திரும்புவோம். நெற்றித் தோலைத் திருகி இறக்கிய வைத்தியர்கள் ஒரு முனையை ஏன் அறுக்காமல் விட்டார்கள்? புருவத்தின் உள்முனையருகே நெற்றிக்கு ஏறும் சிறு தமனி ஒன்று அத்தோலுக்கு உயிரூட்டிக்கொண்டிருந்தது. அது கண்ணுக்குள் செல்லும் தமனியின் கிளை. மூக்கிழந்தவருக்கு மூக்கு தந்த அதே குழாய் வழியாகத்தான் இன்று வழிதவறிய கூழ் கண்ணை அடைகிறது. தமனியின் பெயர் தெரியாமலே அது ஓடும் இடத்தைக் கையால் அறிந்திருந்தார்கள் பழைய வைத்தியர்கள். இன்று அதன் பெயரும் படமும் நூல்களில் இருக்கின்றன. ஊசி பிடிக்கும் எல்லாரும் அவற்றைப் படித்தவர்கள் அல்லர்.

இருப்பினும் ஹையலூரானிக் அமிலத்தை மற்றவற்றினும் மேலாக வைக்க ஒரு காரணம் உண்டு. அதற்கு மாற்று உண்டு. 1928இல் துரான்-ரெய்னால்ஸ் என்ற கத்தலான் ஆய்வாளர், விலங்கு விதைப்பையின் சாற்றைச் சேர்த்தால் ஊசி வழிச் செலுத்திய பொருள்கள் தோலில் விரைந்து பரவுவதைக் கண்டார். அச்சாற்றிலுள்ள நொதி ஹையலூரானிக் அமிலத்தை அறுப்பதே காரணம் என்பது 1940 அளவில் விளங்கியது. அந்த நொதிக்கு ஹையலூரானிடேஸ் என்று பெயர். அடைப்பு நேர்ந்தவுடன் அதை அவ்விடத்தில் செலுத்தினால் கூழ் கரைந்து தோல் பிழைக்கும். அழகு பிடிக்காவிட்டாலும் கரைத்துக்கொள்ளலாம். கண்ணைப் பொறுத்தவரை அந்த உறுதி இல்லை: விழித்திரை நெடுநேரம் பொறுக்காது, போன பார்வை மீண்டவர் சிலரே. நொதிக்கே ஒவ்வாமை வருவதும் உண்டு. என்றாலும் மெழுகு ஏற்றிக்கொண்ட கோமகளுக்குக் கிட்டாத வாய்ப்பு அது. நிரப்பிகளின் நூற்றாண்டு வரலாற்றில் நடந்த பெரிய முன்னேற்றம், நிரப்பியதைத் திரும்ப எடுக்க முடிந்தது என்பதே என்று நமக்குத் தோன்றுகிறது.

அந்த முன்னேற்றமும் நொதி கையருகே இருந்தால்தான் பயன்படும். எனவே கேட்க வேண்டிய கேள்விகள் விலையைப் பற்றியவை அல்ல. ஊசி போடுபவர் முகத்தின் குருதிக்குழாய்களைக் கற்ற மருத்துவரா? உறை பிரிக்காத கூழ் எது, அதன் பெயரும் தொகுதி எண்ணும் என்ன? ஹையலூரானிடேஸ் இந்த அறையில் இப்போது இருக்கிறதா? தோல் வெளுத்தாலோ பார்வை மங்கினாலோ முதல் மணி நேரத்தில் என்ன செய்வீர்கள்? ஊசியின்றிக் காற்றழுத்தத்தால் செலுத்தும் பேனாக்களை வீட்டிலேயே வாங்கிப் போட்டுக்கொள்ளும் வழக்கம் பெருகியதால், அமெரிக்க நிர்வாகம் 2021இல் அவற்றைப் பயன்படுத்த வேண்டாமென எச்சரித்தது. 22 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இந்த நிரப்பிகளுக்கு அங்கே ஒப்புதலும் இல்லை.

இவ்வளவையும் படித்துத் தொகுத்து எங்கள் ஆசிரியை அம்மையாரிடம் கொடுத்தோம். கேள்விகளை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு இரண்டு இடங்களுக்குச் சென்றுவந்தார். முதல் இடத்தில் மூன்றாம் கேள்விக்கு விடை வரவில்லை. "அதெல்லாம் தேவைப்படாதுங்க" என்றார்களாம். அங்கிருந்து எழுந்து வந்துவிட்டார். இரண்டாம் இடத்தில் மருத்துவர் குளிர்பெட்டியைத் திறந்து குப்பியைக் காட்டினாராம். அதோடு, நோய் முடிந்து இன்னும் ஓராண்டு ஆகாததால் எடை கூடும்வரை ஆறு மாதம் பொறுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார்.

"வேண்டாம்னு சொன்னாரே, அதனாலதான் அவர்கிட்டயே போகப் போறேன்," என்றார் அம்மையார். ஆறு மாதம் இன்னும் முடியவில்லை. இம்முறை எங்களில் எவரும் சிரிக்கவில்லை.